டயாலிசிஸ் நின்றுவிட்டது, கிட்னி திரும்புமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. வயிற்றுப்போக்கின்போது உடம்புவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி நான்கு நாள் விழுங்கினார். ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 7.2 ஆகி, ஐந்து முறை டயாலிசிஸ் ஆனது. மூன்று வாரம் கழித்து டயாலிசிஸ் இல்லாமலே 2.1. சிறுநீர் மட்டும் நாளுக்கு மூன்றரை லிட்டர் போகிறது. "கிட்னி அவ்வளவுதான், கொடுக்க ஆள் இருக்கிறது" என்கிறார் ஒருவர்.

பதில்: முதலில் அந்த ஆளின் நம்பரை பிளாக் செய்யுங்கள். கிட்னிக்குப் பணம் கைமாறினால் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குபவருக்கும் சிறைதான். தானாக ஆறிவரும் கிட்னிக்கு மாற்று எதற்கு?

வயிற்றுப்போக்கில் நீர் வற்றி கிட்னிக்கு ரத்தம் குறைந்தது. வலி மாத்திரை அதை இன்னும் குறைத்தது. முதலில் அடிபடுவது நுண்குழாய்களின் உட்சுவர் செல்கள். வடிந்த உப்பையும் நீரையும் மீட்டெடுக்கும் அவற்றுக்கு ஆக்ஸிஜன் நிறைய வேண்டும். செத்து உதிர்ந்தவை குழாயை அடைத்துக்கொள்ளும். தப்பிய செல்கள் தட்டையாகிக் காலியிடத்தில் பரவும், பெருகும், பிறகே பழைய வேலைக்குத் திரும்பும். உங்கள் கணவருக்கு அடைப்பு நீங்கிவிட்டது, மீட்டெடுக்கும் திறன் இன்னும் முழுதாக வரவில்லை. மூன்றரை லிட்டர் அதனால்தான். இந்தக் கட்டத்தில் பொட்டாசியமும் கூடவே போய்விடலாம். டயாலிசிஸ் நாளில் கொடுத்த 'தண்ணீர் ஒரு லிட்டர், இளநீர் கூடாது' சீட்டையே பிடித்துக்கொண்டிருக்காமல், ரத்தத்தில் உப்புகளைப் பார்த்து மருத்துவரிடம் புதுச் சீட்டு கேளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு, கண்ணாடி விரியன் கடி போன்றவற்றில் கிட்னியின் வெளிப்பகுதியே ரத்தமின்றிச் செத்துப்போகலாம். அங்கே வடிகட்டிகளும் சேர்ந்தே போகும். பெருக மிச்ச செல் இருக்காது. புது வடிகட்டி நமக்கு முளைப்பதில்லை. வாரக்கணக்கில் சிறுநீரே வராமல் இருப்பது அதன் அடையாளம். உங்கள் வீட்டு நிலை அதற்கு நேர் எதிர்.

'கிரியாட்டினின் குறைக்கும்' பவுடர், பற்பம் எதுவும் வேண்டாம். சிலவற்றில் பாதரசம் இருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இனி வேண்டாம். மருந்துக்கடைக்காரர் சீட்டில்லாமல் நீட்டுவார், கேட்க ஆளில்லை. வலிக்கு, மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால்.

டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கம் இருக்கும், அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று மட்டும் இருக்காது. நீங்களே குறித்துவையுங்கள்: இப்போது வாராவாரம் கிரியாட்டினின். பாதிப்பு வந்து மூன்று மாதம் ஆனதும் கிரியாட்டினினோடு சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் (சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டுவது). அது 30 mg/g-க்கு மேல் இருந்தாலோ கிரியாட்டினின் இறங்காமல் நின்றாலோ, ஆறிய இடத்தில் தழும்பு விழுந்திருக்கலாம். அப்போது சிறுநீரக மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் யார் 'நிரந்தரம்' என்று எழுதினாலும் நம்பாதீர்கள்.