மெட்டபோலைட் டெஸ்ட் நார்மல்: ஈயம் ஏறவில்லை என்று நம்பலாமா?

கேள்வி: பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். இதுவரை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இந்த முறை அதற்குப் பதிலாகச் சிறுநீரில் ‘மெட்டபோலைட் ப்ரொஃபைல்’ என்று ஒரு புது டெஸ்ட் எடுத்தார்கள். எல்லாம் நார்மலாம். நம்பலாமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ரத்த ஈயப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

உடம்பு தன் அன்றாட வேலையில் உண்டாக்கும் அமினோ அமிலங்கள், சர்க்கரைகள், கரிம அமிலங்கள் போன்ற சிறு மூலக்கூறுகள்தான் மெட்டபோலைட்டுகள். மூலக்கூறுகளை எடை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி, ஒரே சிறுநீர் சாம்பிளில் அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை அளந்துவிடும். உடம்பின் வேதிவினைகளை நடத்தும் என்சைம்களை நச்சு உலோகங்கள் முடக்கும்போது இந்த அளவுகள் மாறுகின்றன. நோய் தலைகாட்டும் முன்பே அதைப் பிடித்துவிடலாம் என்பதுதான் இந்தத் துறையின் எதிர்பார்ப்பு. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

ஆனால் அதே அளவுகளை நேற்று சாப்பிட்ட சாப்பாடு மாற்றும். இரவு ஷிப்ட், சிகரெட், வலி மாத்திரை, உலைச் சூட்டில் உடம்பில் நீர் வற்றுவது, எல்லாமே மாற்றும். ஆய்வுகள் உலோகத்தோடு வேலை செய்யும் ஒரு கூட்டத்தையும் செய்யாத ஒரு கூட்டத்தையும் ஒப்பிட்டு, சராசரியில் வித்தியாசம் காட்டுகின்றன. அதை வைத்துத் தனி ஒருவருக்கு ‘உங்களுக்குப் பாதிப்பில்லை’ என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்வதற்கு எல்லோரும் ஏற்ற அளவுகோல் இந்த ப்ரொஃபைலுக்கு இன்னும் வரவில்லை.

ஈயத்துக்கென்றே பல காலமாகப் பயன்படும் ஒரு மெட்டபோலைட் இருக்கிறது. ஹீமோகுளோபினுக்கு வேண்டிய ஹீம் தயாராகும் பாதையில் ஒரு என்சைமை ஈயம் தடுத்துவிடும். அதனால் டெல்டா அமினோலெவுலினிக் அமிலம் தேங்கி, சிறுநீரில் அதிகமாக வெளியேறும். இது நம்பகமான அளவீடுதான், ஆனால் மிகவும் தாமதமாகத்தான் எச்சரிக்கும். ரத்த ஈயம் டெசிலிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராமை நெருங்கும்போதுதான் இது தெளிவாக உயரும். உலக சுகாதார நிறுவனமோ 2021 வழிகாட்டியில், 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. அப்படியென்றால், ரத்தத்தில் 20 இருக்கும் ஒருவருக்கும் சிறுநீர் ரிப்போர்ட் நார்மலாகவே வரலாம். உங்கள் விஷயத்தில் நான் பயப்படுவது இதைத்தான்.

எல்லா உலோகத்துக்கும் இதே கதை என்று நினைக்க வேண்டாம். ஆர்செனிக்கைக் கல்லீரல் மெத்தில் சேர்மங்களாக மாற்றி வெளியேற்றும். அங்கே சிறுநீரில் அந்த மெட்டபோலைட்டுகளைப் பிரித்து அளப்பதுதான் சரியான டெஸ்ட். மொத்த ஆர்செனிக்கை மட்டும் பார்த்தால், மீன் சாப்பிட்டதால் வரும் தீங்கற்ற வகையும் கணக்கில் சேர்ந்து வீண் பயம் வரும். அதனால்தான் மூன்று நான்கு நாள் முன்பிருந்தே கடல் உணவைத் தவிர்க்கச் சொல்கிறோம். காட்மியம், பாதரச ஆவி இரண்டுக்கும் சிறுநீரில் உலோகத்தையே அளக்கலாம்.

சரி, உங்களுக்கு வருவோம். ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். எலும்பில் பல வருடம் தங்கும். எனவே நீண்ட விடுப்பு முடிந்து வந்த கையோடு ரத்தம் கொடுத்தால் அளவு குறைவாகக் காட்டும். வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கும் நாட்களில் கொடுங்கள். வேலை உடையைக் கழற்றி, கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகு, ரத்த நரம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். கூடவே, ஹீம் சரியாகத் தயாராகாதபோது ரத்தத்தில் கூடும் ஜிங்க் புரோட்டோபார்ஃபைரின் என்ற பொருளையும் பார்த்தால் கடந்த சில மாதங்களின் நிலை ஓரளவு தெரியும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் அது உயரும் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

கம்பெனி ப்ரொஃபைல் டெஸ்டைத் தொடர விரும்பினால் தொடரட்டும், ரத்தப் பரிசோதனையோடு சேர்த்து. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாளே ஒன்று எடுத்து வைத்து, பிறகு அதே லேபில், அதே நேரத்தில் எடுத்து அவரவர் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால் அதற்கு அர்த்தம் உண்டு.

உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரை அளக்கும் டெஸ்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருந்தால் யாருக்குமே எண் உயரும். அதை ஒப்பிட அளவுகோல் கிடையாது. அப்புறம், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், உங்கள் உடையோடு ஈயத் தூசி வீட்டுக்குள் வந்திருக்கலாம். அவர்களுக்கும் ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுங்கள்.