பூச்சுக்குள் பதிக்கும் உணரிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சரக்குக் கப்பல்களின் பேலஸ்ட் டேங்கில் அடிக்கும் பெயின்ட்டுக்குள்ளேயே சென்சார் பதித்து, துரு கண்ணுக்குத் தெரியும் முன்பே பூச்சின் நிலையை அறியலாம் என்று படித்தேன். இது எப்படி முடிகிறது? ஆளை இறக்கிப் பார்ப்பதை இனி விட்டுவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: சரக்கு இல்லாத கப்பல் நிலைகுலையாதிருக்கக் கடல்நீரை நிரப்பி, சரக்கு ஏறும்போது வெளியேற்றும் அறைதான் பேலஸ்ட் டேங்க். நீர் நிறைவதும் வடிவதுமாக, உப்பும் ஈரமும் காற்றும் அங்கே மாறிமாறித் தாக்குகின்றன. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட பூச்சுத் தரவிதிகள், இந்த அறைகளில் அடிக்கும் பூச்சு 15 ஆண்டுகள் நல்ல நிலையில் நீடிப்பதை இலக்காக வைத்து, எப்பாக்சி என்னும் பிசின் பூச்சு உலர்ந்தபின் 320 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு) தடிமன் இருக்க வேண்டும் என்று வகுத்துள்ளன.

எவ்வளவு நல்ல எப்பாக்சியாக இருந்தாலும், நீரும் ஆக்சிஜனும் சிறிதளவேனும் அதனுள் ஊடுருவியே தீரும். ஆயினும் இரும்பு துருப்பிடிக்க, நீரில் கரைந்த உப்பின் அயனிகள் வழியாக ஒரு மின்னோட்டமும் ஓடியாக வேண்டும். நல்ல பூச்சு இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு அந்த மின்னோட்டத்துக்கு இடம் கொடுக்காமல் நிற்கிறது. எனவே பூச்சின் மின்தடையை அளந்தாலே அதன் உடல்நிலை தெரிந்துவிடும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குப் பத்துக் கோடி ஓமுக்கு மேல் தடை காட்டும் பூச்சு நன்கு காக்கிறது என்பதும், பத்து லட்சம் ஓமுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை நம்ப முடியாது என்பதும் 1948-லேயே ஆய்வில் வெளிவந்து, இன்றுவரை கைக்கணக்காகப் பயன்படுகின்றன.

ஆய்வகத்தில் இதை அளக்க, பூசிய தகட்டின்மேல் ஒரு குழாயை ஒட்டி, உப்புநீரை ஊற்றி, மின்வாய்களை (எலெக்ட்ரோடுகளை) அமிழ்த்தி, சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் அடங்கும் மாறுமின்னழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். டேங்கின் செங்குத்துச் சுவரிலும் கூரையிலும் குழாயை ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பிரைமர் எனும் அடிப்பூச்சுக்கும் மேற்பூச்சுக்கும் நடுவே மெல்லிய உலோக ஏடு ஒன்றை மின்வாயாகப் புதைத்து, அதற்கும் அடியிலுள்ள இரும்புக்கும் இடையே அளப்பது ஒரு வழி. தாழ்ந்த அதிர்வெண்ணில் கிடைக்கும் அளவு, அயனிகளுக்குப் பாதை திறந்துவிட்டதா என்பதைக் காட்டும். உயர்ந்த அதிர்வெண்ணில் கிடைப்பது பூச்சின் மின்தேக்குதிறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன். பூச்சு எவ்வளவு நீரை உறிஞ்சியிருக்கிறது என்று அதைக் கொண்டு கணக்கிடலாம். இத்திறனைத் தீர்மானிக்கும் மின்காப்பு மாறிலி நீருக்கு ஏறத்தாழ 80, உலர்ந்த பூச்சினுடையதோ ஒற்றை இலக்கம் என்பதால், சிறிதளவு நீர் புகுந்தாலும் எண் மாறிவிடும். கொப்புளமும் செம்புள்ளியும் தோன்றும் வரை காத்திருக்கும் கண்ணுக்கு இந்த முன்னறிவிப்பு கிடைக்காது.

ஆளை இறக்குவது எளிதான வேலையும் அன்று. மூடிக் கிடக்கும் டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனையே தின்றுவிடுவதால், காற்றோட்டம் கொடுத்து, வாயுவைச் சோதித்த பின்னரே உள்ளே இறங்க வேண்டும். இருந்தும் ஆய்வை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். உணரி தான் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். பூச்சோ பெரும்பாலும் விளிம்புகளிலும் வெல்டிங் மூட்டுகளிலும்தான் முதலில் தோற்கிறது. ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்பிலிருந்து விலகி மெலிந்துவிடும் என்பதால்தான், மேற்சொன்ன விதிகள் விளிம்புகளைத் தேய்த்து மழுக்கவும், அங்கே தூரிகையால் தனியே கூடுதல் பூச்சு கொடுக்கவும் சொல்கின்றன. வசதிக்காகச் சமதளத் தகட்டின் நடுவில் பதித்த உணரி ஆண்டுக்கணக்கில் ‘நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்க, ஒரு முழம் தள்ளி, தகட்டுக்கு வலுவூட்டும் விறைப்புச் சட்டத்தின் விளிம்பு துருவேறிக் கிடக்கலாம். டேங்கின் எந்த மூலையில் நீர் வடியாமல் தேங்கும் என்று அறிந்தவரிடம் கேட்காமல் வைக்கும் உணரியால் பெரும் பயன் இல்லை. எப்போது இறங்கிப் பார்க்க வேண்டும், எந்த டேங்கை முதலில் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்க உணரியைப் பயன்படுத்தலாம். பார்ப்பதற்கு மாற்றாக அன்று.

கேள்வி: பூச்சின் நடுவே உலோகத்தைப் புதைப்பதே ஒரு பலவீனம் ஆகிவிடாதா?
– பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: கவனமின்றிச் செய்தால் நிச்சயம் ஆகும். மின்வாய் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காகத் தங்கம் அல்லது பிளாட்டினம் ஏட்டைப் பயன்படுத்துவதுண்டு. பிரைமரில் ஓர் ஊசித்துளை இருந்து, அதன் வழியே அந்த ஏடு இரும்பைத் தொட்டுவிட்டால், ஈரம் சேர்ந்ததும் இரண்டும் ஒரு மின்கலமாகி இரும்பு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கப்படும். அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. இடைவெளியில்லாத ஏடு தன் அடியிலுள்ள பகுதிக்கு நீர் போகாமல் தடுத்துவிடுவதால், சுற்றிலும் பூச்சு நனைந்திருக்க, ஏட்டின் அடியில் மட்டும் உலர்ந்திருக்கும். அதாவது கருவி தானே காத்துவைத்த இடத்தை அளந்து நற்சான்று கொடுக்கும். இதனால்தான் வலைபோலவோ சீப்பின் பற்கள்போலவோ இடைவெளிவிட்டு மின்வாயை அமைக்கிறார்கள். பூச்சிலிருந்து கம்பி வெளியே வரும் இடமும் நீர் நுழையும் வாயிலாகும். கம்பியில்லா உணரிகள் அதைத் தவிர்த்தாலும், ஆன்டெனாவுக்கு அடியிலேயே இரும்புத் தகடு இருப்பதால் அவற்றின் சமிக்ஞை தடுமாறும்.

கேள்வி: பாம்பன் பாலத்தைப் போலக் கடற்காற்றில் நிற்கும் பாலங்களுக்கும் இது பயன்படுமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: பயன்படும், ஆனால் எண்களைப் படிப்பது கடினம். 1914-இல் திறந்த பழைய பாலத்தை உப்புக்காற்று என்ன செய்தது என்று உங்கள் ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கு அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் (சிலிக்கன் சார்ந்த வேதிப்பொருள்) பூச்சு கொடுத்திருக்கிறார்கள். நீரில் மூழ்கியிருக்கும் பூச்சின் அளவுகள் ஓரளவு சீராக இருக்கும். பாலத்திலோ நண்பகல் வெயிலில் பூச்சு சூடேறினாலே அதன் மின்தடை குறைந்துவிடும், விடியற்காலைப் பனியில் நனைந்தால் வேறோர் எண் வரும். எனவே வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பக்கத்திலேயே அளந்து பதிய வேண்டும். ஒரு நாளின் எண்ணைக் கண்டு பதற வேண்டாம். அதே வேளையில், அதே வெப்பநிலையில் எடுத்த அளவுகள் மாதக்கணக்கில் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே பொருட்டு.

கேள்வி: கடற்கரை ஓரம் இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு இதை வைக்க முடியுமா?
– வாசகர், பெசன்ட் நகர்

பதில்: வைக்கலாம், கம்பியை மாற்றுவதைவிடச் செலவு கூடுதலாகும். தினமும் கண்ணில் படும் இடத்துக்கு உணரி எதற்கு? உப்புப் படிவை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். துரு தெரிந்தால் அதன்மேலேயே பெயின்ட் அடிக்காமல், உப்புத்தாளால் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.