மீசைக்கார மீன்

கேள்வி: அமேசான் நதியில் நீண்ட மீசையுள்ள கெளுத்தி மீன் பல ஆயிரம் கிலோமீட்டர் போய் வருமாமே, நிஜமா? மீசை எதற்கு?

பதில்: நிஜம்தான். பிராக்கிபிளாட்டிஸ்டோமா என்ற பேரினத்தைச் சேர்ந்த டொராடோ கெளுத்தியைத்தான் சொல்கிறீர்கள். ஆண்டிஸ் மலையடிவார ஆறுகளில் முட்டை இடும், குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்தே அட்லாண்டிக் கடலோரக் கழிமுகம் வரை வந்துவிடும், அங்கே கொஞ்சம் வளர்ந்த பிறகு எதிர்நீச்சல் போட்டு மறுபடியும் மலையடிவாரத்துக்கே போகும். போக வர 11,000 கிலோமீட்டருக்கு மேல்! முழுக்க நன்னீரிலேயே இவ்வளவு தூரம் இடம்பெயரும் வேறு மீன் அறியப்படவில்லை.

மீசை அழகுக்கு இல்லை. மூன்று ஜோடி, அதில் மேல்தாடை ஜோடிதான் ரொம்ப நீளம். அவை முழுக்கச் சுவை மொட்டுகள், அதாவது மீசையாலேயே ருசி பார்க்கும். வண்டல் கலந்த ஆற்றில் கண்ணை நம்பி இரை தேட முடியுமா?

இதே பேரினத்தில் பிராய்பா என்றொரு மீன் இருக்கிறது, இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும். அதனால் குட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டுத் தொட்டிக்கு வாங்குவது, என்னைக் கேட்டால், அநியாயம்.

அப்புறம் ஒரு வருத்தமான விஷயம். பிரேசிலில், அமேசானில் வந்து கலக்கும் மடெய்ரா ஆற்றின் குறுக்கே கட்டிய சாந்தோ அந்தோனியோ, ஜிராவ் அணைகள் டொராடோவின் வழியை மறிக்கின்றன. மீன் ஏறிப் போகத் தனிப் பாதை அமைத்தும் பெரிய பலனில்லை. 2024-இல்தான் டொராடோவும், இதே பேரினத்து இன்னொரு மீனான பிராமுதாபாவும் இடம்பெயரும் உயிரினங்களுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன.