விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு என்றால் யாக்கோபு ஏன் கிரியையை (நற்செயலை) கேட்கிறார்?

புதிய ஏற்பாட்டு நிருபங்களில் பவுல் சொல்வதும் யாக்கோபு சொல்வதும் மோதுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பல வருடம் உறுத்திய கேள்வி இது.

பவுலின் எபேசியர் 2:8 "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்கிறது. யாக்கோபு 2:24-ஓ, மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் ஆதியாகமத்தில் அவர்கள் கைவைக்கும் இடத்தைப் பாருங்கள். பவுல் எடுப்பது 15-ம் அதிகாரம்: ஆபிரகாம் வாக்குத்தத்தத்தை நம்பினார், அது நீதியாக எண்ணப்பட்டது. உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் வருவதே 17-ம் அதிகாரத்தில்தான். ஆக, அவர் எதையும் செய்து காட்டும் முன்பே தேவன் ஏற்றுக்கொண்டார் என்பது பவுலின் வாதம். யாக்கோபு எடுப்பது 22-ம் அதிகாரம், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த நாள். 15-ல் பிறந்த நம்பிக்கை உயிருள்ளது என்று அங்கே வெளியே தெரிகிறது.

விசுவாசம் என்ற சொல்லும் இருவரிடமும் ஒன்றல்ல. யாக்கோபு சாடுவது வெறும் ஒப்புதலை. "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்கிறாரே! பவுல் சொல்வது முழுதாகச் சாய்ந்துகொள்வதை. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் காட்ட எந்த நற்செயலும் இல்லை, "அடியேனை நினைத்தருளும்" என்ற கேட்பு மட்டுமே இருந்தது. எனக்கு இதைவிட ஆறுதலான பகுதி வேதத்தில் இல்லை.

விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு என்று வலியுறுத்திய சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு யாக்கோபு நிருபம் நெருடலாகவே இருந்தது. ஆனாலும் 1999-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், அவர் வழிவந்த சபைகளின் கூட்டமைப்பான லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம்மை ஏற்கச்செய்வது கிருபைதான், நற்கிரியைகள் அதன் கனி என்று ஒன்றாகவே அறிக்கையிட்டது.