அன்னபேதி போட்டால் அரிசியில் இரும்பு கூடுமா?

கேள்வி: நாற்றங்காலில் குருத்து வெளுத்தது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) தெளித்தேன், பச்சை கட்டிவிட்டது. நடவு வயலிலும் தொடர்ந்து போட்டால் விளையும் அரிசியில் இரும்புச்சத்து கூடுமா? அல்லது சிவப்பரிசி ரகமோ, இரும்புச்சத்து மிகுந்த ரகமோ நடுவதுதான் வழியா?

பதில்: அன்னபேதியால் கூடாது. கூடினாலும் ஆய்வகத்தில் அளந்தால்தான் தெரியும். அது பயிரின் வெளுப்புக்கு மருந்து, சாப்பிடுபவரின் ரத்தசோகைக்கு அல்ல.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, பெரும்பாலான மண்ணில் எடைக்கணக்கில் ஓரிரு சதவீதமாவது இருக்கும். அது கரைகிறதா என்பதுதான் விஷயம். காற்றோட்டமுள்ள மண்ணில், அதிலும் சுண்ணாம்பும் காரமும் மிகுந்த இடத்தில், இரும்பு துருவாக இறுகிக் கிடக்கும். உங்கள் நாற்றங்காலில் நடந்தது பெரும்பாலும் இதுதான். அதே மண்ணில் தண்ணீர் கட்டிச் சேறாக்கினால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரையும் இரும்பாக்கிவிடும். அமில மண்ணாக இருந்தால் அது நஞ்சாகும் அளவுக்குக்கூடப் பெருகும். அப்போது குருத்து வெளுக்காது; அடி இலைகளின் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் இறங்கி, இலை செம்பு நிறமாகும். அந்த வயலில் போய் அன்னபேதி தூவினால் கேடுதான் கூடும். தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிட வேண்டும்.

சேற்று வயலில் ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். புது வேர்கள் வெள்ளையாக இருக்கும், முதிர்ந்தவற்றின் மேல் செம்பழுப்புப் பூச்சு படிந்திருக்கும். இலைவழி உள்ளே வந்த காற்று தண்டின் வெற்றறைகள் வழியே வேருக்கு இறங்கி வெளியே கசிகிறது. வேரைச் சுற்றியுள்ள இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டுத் துருவாகப் படிகிறது. வருகிற இரும்பில் ஒரு பகுதியை நெல் வாசலிலேயே நிறுத்தும் ஏற்பாடு இது.

இரும்பு குறைவாக இருக்கும்போது வேறு வேலை. வேர் மியூஜினிக் அமில வகைப் பொருளைச் சுரந்து, துருவிலிருக்கும் இரும்பைப் பிடித்து, அதோடு சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்ளும். புல் குடும்பத்துக்கே உரிய இந்த வழியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1970களில் கண்டறிந்தார்கள். நெல்லுக்கு இன்னொரு வசதி, கரைந்த இரும்பை நேராகவும் உறிஞ்சும். சேற்றில் வாழும் பயிருக்கு அதுதான் சுலபம். ஆனால் பார்லியோடு ஒப்பிட்டால் நெல் அந்த அமிலத்தை மிகக் கஞ்சத்தனமாகச் சுரக்கிறது, அதனால்தான் காய்ந்த கார மண்ணில் சீக்கிரம் வெளுக்கிறது.

உள்ளே வந்த இரும்பைச் செடி சும்மா அலையவிடாது. கட்டில்லாத இரும்பு செல்லைச் சிதைக்கும். நிகோடியானமைன் என்ற சிறு மூலக்கூறு அதைப் பிடித்துக்கொண்டு ஓடும், மிச்சம் ஃபெரிட்டின் புரதத்திலும் செல்லின் சேமிப்பறையிலும் பூட்டப்படும். போதும் என்று தெரிந்ததும் உறிஞ்சும் மரபணுக்கள் அடங்கிவிடும். நீங்கள் எவ்வளவு கொட்டினாலும் முடிவு செய்வது செடிதான். இலையில் 100 பிபிஎம் (கிலோவுக்கு 100 மில்லிகிராம்) இரும்பு சாதாரணம். தீட்டிய அரிசியில் 2, 3 பிபிஎம் இருந்தாலே பெரிது.

மணிக்குப் போகும் கொஞ்சமும் தவிட்டு அடுக்கிலும் முளையிலும்தான் தங்குகிறது. தீட்டும்போது அதில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். அப்படியானால் தீட்டாமல் சாப்பிடலாமே என்பீர்கள். சாப்பிடலாம், இரும்பு கூடுதலாக இருக்கும். ஆனால் அங்கே அது தவிட்டிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருளோடு பிணைந்திருப்பதால் குடல் முழுதாக உறிஞ்சாது. சிவப்பரிசிக்கும் இதே கதை. அந்தச் சிவப்பு இரும்பின் நிறம் அல்ல. தோலிலுள்ள பாலிஃபீனால் நிறமி. அந்த வகைப் பொருள்கள் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கவும் செய்யும். வேறு நன்மைகளுக்காகச் சிவப்பரிசி சாப்பிடுங்கள், இரும்புக்காக வேண்டாம்.

ரக மேம்பாட்டில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐஆர்68144 நல்ல எடுத்துக்காட்டு. தீட்டாத அரிசியில் சுமார் 21 பிபிஎம் இரும்பு. வழக்கமான ரகங்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்குள்ள கன்னியர் மடங்களில் ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. உடலின் இரும்புச் சேமிப்பு ஓரளவு உயர்ந்தது, பெரிய தாவல் இல்லை. தீட்டிய அரிசியில் 13 பிபிஎம் என்பது வளர்ப்பாளர்கள் வைத்த இலக்கு; இயற்கையாகக் கிடைக்கும் ரகங்களை மட்டும் ஒட்டுச் சேர்த்து அதை எட்ட முடியவில்லை. நிகோடியானமைன் சுரப்பைக் கூட்டி, சோயாவின் ஃபெரிட்டின் மரபணுவையும் ஐஆர்64 என்ற நெல் ரகத்தில் சேர்த்தபோது தீட்டிய அரிசியிலேயே 15 பிபிஎம் கிடைத்தது (2016). அது மரபணு மாற்றுப் பயிர், விவசாயிகள் கைக்கு இன்னும் வரவில்லை. இரும்பு உறிஞ்சும் வாயிலை வெறுமனே அகலப்படுத்தும் வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு, நச்சு உலோகமான காட்மியமும் அதே வழியாக நுழையும்.

துத்தநாகம் இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. அது மணியின் உட்பகுதிவரை பரவியிருக்கும், கதிர் வந்தபின் இலைவழித் தெளித்தால்கூட ஓரளவு மணிக்குப் போகும். துத்தநாகம் மிகுந்த ரகங்கள் விற்பனைக்கே வந்துவிட்டன. ஊட்டத்துக்காக ரகம் மாற்றுவதென்றால் என் வாக்கு அதற்குத்தான்.

நாற்றங்காலுக்குத் தெளிப்பதை நிறுத்த வேண்டாம். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம், மாலையில். செடிக்குள் இரும்பு பழைய இலையிலிருந்து குருத்துக்கு எளிதில் நகராது, ஆகவே புதுக் குருத்து மறுபடி வெளுத்தால் வாரம் பத்து நாளில் இன்னொரு முறை. பச்சைப் படிகமாக இருக்கும் அன்னபேதியையே வாங்குங்கள், பழுப்பேறியது துருவாகிவிட்டது.

அரிசியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க நினைத்தால், அலுமினியத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அரிசியில் அது மிகக் குறைவு, மண்ணில் ஏராளம். அலுமினியம் அதிகம் காட்டினால் கூடவே காட்டும் இரும்பு மணியினுடையது அல்ல, ஒட்டிய தூசியுடையது. ஆலையின் இரும்பு உருளை தேய்ந்து விழும் துகளை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. எனவே மாதிரியை இரும்பு படாத கருவியில் உமி நீக்கி அனுப்புங்கள்.