“உங்களுக்குச் சுமை வேண்டாமே!” – வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். மகப்பேறு விடுமுறை முடிந்து திரும்பியபோது, எனக்கு வர வேண்டிய பிரிவுத் தலைவர் பதவி, நானே வேலை பழக்கிவிட்ட ஒருவருக்குப் போயிருந்தது. மேலாளரிடம் கேட்டேன். “குழந்தை கைக்குழந்தையாக இருக்கிறதே, உங்களுக்குச் சுமை வேண்டாமே என்று நினைத்தேன்” என்றார். இதை அக்கறை என்று எடுத்துக்கொள்வதா, புகார் செய்வதா? (வாசகி, பாயான் பாரு)

பதில்: அவர் நல்ல மனத்தோடு சொல்லியிருக்கலாம், சகோதரி. ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்களுக்காக அவரே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவால் சம்பளமும் பதவியும் இழந்தவர் நீங்கள்தான்.

நான் பல ஆண்டுகள் பிறை (Prai) வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்தவள். பதவி உயர்வுக் கூட்டங்களில் பெயர்ப் பட்டியல் மேசைக்கு வரும். ஒரு பெண்ணின் பெயரைப் படித்ததும் யாராவது ஒருவர், “இவருக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது” என்பார். அந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு விழும். அதே மாதம் தந்தையான ஓர் ஆணின் பெயர் வந்தால், “குடும்பஸ்தராகிவிட்டார், பொறுப்பு கூடியிருக்கும்” என்பார்கள். ஒரே காரணம் ஒருவரைக் கீழே தள்ளியது, மற்றவரை மேலே தூக்கியது. நானும் அந்த மேசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அந்தக் கோட்டுக்குக் காரணம் என்னவென்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுதி வைத்ததில்லை.

ஆகையால், நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தக் காரணத்தை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான். மேலாளருக்கு மரியாதையான ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதியில் நாம் பேசியபோது, குழந்தை சிறியதாக இருப்பதால் என் பெயரைப் பரிசீலிக்கவில்லை என்று கூறினீர்கள், என் புரிதல் சரிதானா, இப்பதவிக்கு வைத்த தகுதிகள் எவை என்று தெரிவித்தால் நன்று. இவ்வளவு போதும். கடந்த சில ஆண்டுகளின் பணி மதிப்பீட்டுப் படிவங்களையும், பதவி பெற்றவருக்கு நீங்கள் பயிற்சியளித்ததற்கான பதிவுகளையும் சேர்த்து வையுங்கள்.

சட்டம் உங்களுக்கு எந்த அளவுக்குத் துணை வரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாகுபாடு காட்டக்கூடாது என்னும் நம் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் பாலினம் என்ற சொல் 2001ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. 2011இல், கர்ப்பமாக இருந்ததால் தற்காலிக ஆசிரியர் பணி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சாதகமாக ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவருக்கு வேலை மறுத்தது அரசாங்கம். கர்ப்பத்தின் காரணமாக வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், தனியார் ஒப்பந்தத்துக்கு அரசியலமைப்பின் அந்தப் பாதுகாப்பு நீளாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் கூறிவிட்டது. தனியார் தொழிற்சாலையில் இருக்கும் உங்களுக்கு உதவக்கூடியது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தம். மகப்பேறு விடுமுறையை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்திய அதே திருத்தம், வேலையிடப் பாகுபாடு குறித்த தகராறுகளைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம் என்று 69எஃப் பிரிவில் கூறுகிறது. உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. அதனால்தான் உங்கள் கையில் ஆவணம் இருப்பது அவசியம் என்கிறேன்.

வேலைக்கு ஆபத்து வருமா என்ற அச்சம் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. வராது என்று நான் உறுதி தர முடியாது. முதலில் நிறுவனத்துக்குள்ளேயே எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லுங்கள். பினாங்கில் 1985 முதல் இயங்கிவரும் மகளிர் மாற்ற மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: என் மனைவி கணக்குப் பிரிவில் 3,800 ரிங்கிட் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். குழந்தைப் பராமரிப்பு மையத்துக்கே மாதம் 900 ரிங்கிட் போகிறது. அவர் வேலையை விட்டுவிட்டால் என்ன என்று வீட்டில் பேச்சு வருகிறது. (வாசகர், செந்தூல்)

பதில்: தம்பி, குழந்தை இருவருக்கும் பிறந்தது, 900 ரிங்கிட்டை அவர் சம்பளத்திலிருந்து மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்? உங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டி, அதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 3,800 ரிங்கிட் சம்பளத்துக்கு ஊழியர் சேமநிதி வாரியத்தில் முதலாளி செலுத்தும் 13 சதவீதம் 494 ரிங்கிட். உங்கள் மனைவியின் 11 சதவீதம் 418 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து 912 ரிங்கிட். பராமரிப்பு மையத்துக்குப் போவதைவிடக் கூடுதலான தொகை மாதந்தோறும் அவர் முதுமைக்காகச் சேர்கிறது. ஐந்து ஆண்டுகள் வீட்டிலிருந்தால், சம்பள உயர்வையும் இலாப ஈவையும் சேர்க்காமலே 54,720 ரிங்கிட் இல்லாமல் போகும். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பழைய சம்பளத்தில் யார் வேலை தருவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

விலகல் கடிதத்துக்கு முன் வேறொரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்க, வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60பி (60P), 60க்யூ (60Q) பிரிவுகள் இப்போது வழி செய்கின்றன. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். ஆண்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதை உங்களுக்காகவே சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் முன்னதாக வீடு திரும்பிக் குழந்தையை அழைத்துவர முடிந்தால், உங்கள் மனைவி மாதக் கடைசிக் கணக்கை நிம்மதியாக முடிப்பார். மையம் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு பெற்றிருந்தால் அக்கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் பிறகு வேலையை விடுவதாக அவரே விரும்பி முடிவெடுத்தால், உங்கள் சேமநிதிச் சந்தாவின் 11 சதவீதத்தில் 2 சதவீதத்தை அவர் கணக்குக்கு மாற்ற ‘ஐ-சாயாங்’ திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் வழியில் என்னைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் விட்டுச் செல்வார். தோட்டத்தில் வேறு எவ்வளவோ குறை இருந்தது. ஆனால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்காக அம்மா கத்தியைக் கீழே வைக்க வேண்டியிருக்கவில்லை. மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் இன்றைய கோலாலம்பூர் அலுவலகக் கட்டடங்களில் ஆயாக்கொட்டகைக்கு ஓர் அறை ஒதுக்க மனமில்லாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் நேர்காணலுக்குப் போன என் மகளிடம், “எப்போது திருமணம்?” என்று கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்கலாமா? (வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: கேட்கக்கூடாது. ஆனால் 69எஃப் பிரிவு பேசுவது ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றி. வேலை தேடி வருபவர் அதன் நிழலில் ஒதுங்குவது கடினம். இது அடைக்கப்பட வேண்டிய ஓட்டை.

இந்நாட்டில் ஒரு காலத்தில் அரசுப் பணியில் இருந்த பெண்ணுக்குத் திருமணமானால், நிரந்தரப் பணி தற்காலிகப் பணியாகிவிடும். ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை நடத்திய ஆசிரியைக்கு ஆசிரியரைவிடச் சம்பளமும் குறைவு. 1960இல் மகளிர் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைவராக இருந்து சமச் சம்பளத்துக்காகப் போராடியவர் நம் ராசம்மா பூபாலன். அரசாங்கம் அதற்கு இணங்கியது 1969இல். உங்கள் மகளிடம் கேட்கப்பட்ட கேள்வி அந்தப் பழைய விதியின் மிச்சம்.

மீண்டும் இக்கேள்வி வந்தால், “இந்தப் பணியின் நேரமும் பயணமும் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், என்னால் இயலுமா என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன்” என்று அமைதியாகப் பதில் கூறட்டும். வெளியே வந்ததும் தேதியையும், கேட்டவர் வகிக்கும் பதவியையும், அவர் கேட்ட சொற்களையும் அப்படியே குறித்துவைத்து எனக்கு எழுதச் சொல்லுங்கள்.