புரோபயாடிக் பாக்டீரியாக்கள் சுரக்கும் பொருள்களால் குடல் அழற்சி நோய் தணியுமா?

ஆய்வகத்தில் தணிகிறது, நோயாளிகளிடம் சான்று இன்னும் போதவில்லை.

லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற புரோபயாடிக் பாக்டீரியா சுரக்கும் பி40 என்ற புரதத்தைப் பாருங்கள். அது குடலின் உட்படலச் செல்களில் உள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பியைத் தூண்டி, அச்செல்கள் மடிவதைத் தடுக்கிறது. அந்தப் புரதத்தை மட்டும் கொடுத்தபோதே எலிகளில் பெருங்குடல் அழற்சி குறைந்தது. உயிருள்ள பாக்டீரியாவே தேவைப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு! நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட்டும் முக்கியம்: பெருங்குடல் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள்; அழற்சியை அடக்கும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களையும் அது பெருக்குகிறது.

உயிருள்ள பாக்டீரியாக்களில் ஈ. கோலை நிஸ்ல் 1917 என்ற வகை, பெருங்குடலில் புண்களை உண்டாக்கும் அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மீண்டும் தலைதூக்காமல் காப்பதில் மெசலசின் மருந்துக்கு நிகராக இருந்தது. குடல் அழற்சி நோயின் மற்றொரு வகையான கிரோன் நோயில் அத்தகைய பலன் நிறுவப்படவில்லை. எனவே மருந்தை நிறுத்திவிட்டு இவற்றை நம்பாதீர்கள். நோயெதிர்ப்பு குன்றியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக் எடுக்கவே கூடாது.